ஒரு செக்கனுக்குக் குறைந்தவை

மூன்றாவது மோட்டரும் எரிந்த பிறகுதான் ஐஸ் தொழிற்சாலைக்காரர் மங்கையற்கரசியைக் கூப்பிட்டார்கள். 2014ஆம் ஆண்டு, ஆனி மாதம். தலைமன்னார் வீதியில், கடலை ஒட்டிய ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமானது. ஒன்றரை வருடத்துக்குள் மூன்று முறை கொம்பிரசர் மோட்டர் எரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கிழமைக்கணக்கில் ஐஸ் இல்லை. பிடித்துவந்த மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

மங்கையற்கரசிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலப் பக்கத்து வயற்காரக் குடும்பம். மன்னார் பட்டினத்தில் மின்சார வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிற சிறிய கம்பனி ஒன்றில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தாள். அங்கே அனலைசர் என்ற அளவுக்கருவியைச் சரியாகப் பாவிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சங்கத் தலைவர் யாகப்பர் அவளைக் கந்தோருக்குள் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். நரைத்த மீசையும் மெதுவான பேச்சும் கொண்ட மனிதர்.

"மெசின் பாக்கிறவர் கிறகரி எண்டு ஒராள். ஒன்பது வரியமாய் நிக்கிறார். வேலை தெரிஞ்ச ஆள்தான், பிழை சொல்லேலாது" என்று தொடங்கினார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "முந்தி நல்லாக் குடிச்சவர், பிள்ளை. மடு மாதாவுக்கு முன்னாலை சத்தியம் பண்ணி விட்டவர். ஆறு வரியமாச்சு. ஆனா மனிசர்தானே. சங்கச் சபையிலை சில பேர் வேற மாதிரிக் கதைக்கினம். அதுதான், கரண்டிலை பிழையோ ஆளிலை பிழையோ எண்டு எங்களுக்குத் தெரியவேணும்."

கிறகரி மெசின் அறை வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்திருந்தார். அவள் சுவரிலிருந்த மின் போட் பெட்டியைத் திறந்து அனலைசரின் வயர்களைக் கொழுவும்போது, கூப்பிடாமலே ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், நான் ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"பின்னேரத்திலைதான் மிஸ், காத்து எழும்பினாப் பிறகு. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கேக்கை கரண்ட் டக்கெண்டு விட்டிட்டுப் பிடிக்கும். லைட் நூந்தது கூடத் தெரியாது. சத்தம் மட்டும் மாறும். கண்ணிமைக்கிற நேரம்தான். மோட்டருக்கு நெஞ்சிலை குத்தினமாதிரி ஒரு உதறல். பிறகு வழமைபோல ஓடும். அப்பிடிக் கன தரம் நடந்தாப் பிறகுதான் எரியிறது."

"பாப்பம் ஐயா. இது எல்லாத்தையும் பிடிச்சுவைக்கும்" என்றாள் அவள்.

உண்மையில் அது எல்லாவற்றையும் பிடித்து வைக்காது. மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிற அலை. அவ்வளவையும் சேமித்துவைக்க எந்தப் பெட்டியிலும் இடமில்லை. எப்போது விழித்துக்கொண்டு அலையைப் படம் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். அதைத்தான் ட்ரிகர் என்பார்கள். மின்னழுத்தம் எத்தனை வோல்டுக்குக் கீழே போனால், எவ்வளவு நேரம் அப்படி இருந்தால் பதிய வேண்டும் என்ற இரண்டு எண்களையும் கொடுப்பது பாவிக்கிறவரின் பொறுப்பு. மங்கையற்கரசி 207 வோல்ட் என்று வைத்தாள். நேரத்துக்கு எல்லை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது பெட்டியின் நினைவகம் நிரம்பிப்போயிருந்தது. இருநூற்றுச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி. உப்புநீர்த் தொட்டியின் சின்னப் பம்பு தானாக ஓடத் தொடங்குகிற ஒவ்வொரு முறையும் அரைச் செக்கன் அளவுக்கு மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கி ஏறியிருக்கிறது. அது வழமையானது. இந்தக் குப்பையால் பெட்டி நிரம்பி, பின்னேரத்துக்கு முன்னரே பதிவதை நிறுத்தியிருந்தது.

அன்று அவளுக்கு அவசரம். பத்தரைக்குப் பட்டினத்தில் வேறொரு இடத்தில் நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ட்ரிகரை மாற்றினாள். ஒரு செக்கனுக்குக் குறைந்த எதையும் பதியாதே என்று பெட்டிக்குச் சொன்னாள். வோல்ட் எல்லையைக் கீழே இறக்கியிருந்தாலும் பம்புத் தொல்லை போயிருக்கும். இரண்டு வழியில் எது கைக்கு முதலில் வந்ததோ அதைச் செய்தாள். அப்போது கிறகரி அறைக்குள்தான் இருந்தார், குழாய் ஒன்றைத் துடைத்துக்கொண்டு. அவர் முதல்நாள் சொன்னது அவளுக்கு நினைவில் இருந்ததா? பிற்காலத்தில் இதைப் பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருந்தது. ஆனால் யாகப்பர் குரலைக் குறைத்துச் சொன்னதும் கூடவே இருந்தது.

பத்து நாள் கழித்துப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனாள். எட்டுப் பதிவுகள் இருந்தன. எட்டும் கொம்பிரசரை நிறுத்தி மறுபடி ஓட்டிய நேரங்கள். சந்தேகப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதினாள். கடைசி வரி இதுதான்: "மின் வழங்கலில் குறைபாடு காணப்படவில்லை. இயக்குபவரின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்."

சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தவர் "காரணம்" என்று வாசித்து, இருக்கலாம் என்பதை விட்டுவிட்டாராம். இது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதம் கிறகரியை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அதை யாரோ பஸ் தரிப்பிடத்தில் சொல்ல, "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வருடம் போனது.

2016ஆம் ஆண்டு வைகாசியில், அதே வீதியில் நண்டு பதப்படுத்தும் இடம் வைத்திருந்த சாஹுல் ஹமீட், மங்கையற்கரசியின் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். குளிர் அறை மோட்டர் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை எரிந்துவிட்டதாம். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து முக்கால் கிலோமீற்றர் தூரம், ஒரே மின்கம்பி. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மங்கையற்கரசி பழைய கோப்பைத் திறந்தாள்.

அனலைசர் அலைகளைப் பிடிப்பதோடு இன்னொன்றும் செய்யும். பத்து நிமிடத்துக்கு ஒரு வரியாக, அந்த நேரத்துக்குள் இருந்த சராசரி வோல்ட், கூடிய வோல்ட், குறைந்த வோல்ட் மூன்றையும் அட்டவணையில் எழுதி வைக்கும். ட்ரிகர் என்ன சொன்னாலும் அது தன்பாட்டில் எழுதும். 2014இல் அறிக்கைக்காக அவள் சராசரியை மட்டும் எடுத்து வரைபடம் போட்டிருந்தாள். 228, 229, 227. அழகான நேர்கோடு. இப்போது கடைசி நிரலையும் பார்த்தாள். 203, 201, 204, 109.

நூற்றொன்பது. கருவிப் பிழை என்று முதலில் நினைத்தாள். கீழே போனாள். மறுநாள் பின்னேரம் மூன்றே முக்கால், 114. அதற்கடுத்த நாள் நாலு இருபது, 97. பத்து நாளில் பதினான்கு தடவை. எல்லாம் பின்னேரம் மூன்றுக்கும் ஐந்தரைக்கும் இடையில். ஒன்றுகூட ஒரு செக்கன் நீடித்ததில்லை. நீடித்திருந்தால் அலையாகப் பதிவாகியிருக்கும்.

கையை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளியே கழுதையொன்று கந்தோர் வாசலில் நின்று கத்தியது, யாரோ விரட்டினார்கள். பக்கத்து மேசை இராசேஸ்வரி, "என்னடி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு மனிசனைப் பொய்யன் ஆக்கிப்போட்டன்" என்றாள் மங்கையற்கரசி.

அடுத்த நாள் சாஹுல் ஹமீடின் இடத்தில் கருவியைக் கொழுவினாள். இம்முறை நேர எல்லை எதுவும் வைக்கவில்லை. வோல்ட் எல்லையை மட்டும் 160க்கு இறக்கினாள். முதல் பின்னேரமே பிடிபட்டது. ஐந்து அலை, அதாவது செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம், மின்னழுத்தம் பாதிக்கும் கீழே விழுந்து எழும்பியிருந்தது. அந்த நேரத்துக்குள் மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெரிய சுவிட்ச் கையை விட்டுவிடும், மறுகணம் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற மோட்டர் உதறும். ஒவ்வொரு உதறலிலும் சுவிட்சின் செப்பு முனை கொஞ்சம் கருகும். ஒருநாள் மூன்று கம்பியில் ஒன்று தொடாமல் போக, மோட்டர் இரண்டு கம்பியில் இழுத்து இழுத்து எரியும். கிறகரி சொன்னதற்கும் இதற்கும் ஒரு சொல்கூட வித்தியாசமில்லை.

பின்னேரம் கச்சான் காற்று எழும்பியதும் மின்கம்பி வழியே நடந்து பார்த்தாள். நாலாவது கம்பத்துக்கும் ஐந்தாவதுக்கும் இடையில், யாரும் பராமரிக்காத காணியொன்றில், வடலியாக நின்ற பனை ஒன்று வளர்ந்து கம்பியின் உயரத்தை எட்டியிருந்தது. காற்று அடிக்க ஓலை போய்க் கம்பியில் பட்டது. சின்ன நீலப் பொறி ஒன்று தெறித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது முறையும். மின்சாரப் பகுதிக்கு அறிவித்தாள். மூன்றாம் நாள் வந்து, ஏணி வைத்து, அரை மணித்தியாலத்தில் வெட்டிவிட்டுப் போனார்கள்.

யாகப்பரிடம் போய் அட்டவணையை விரித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், விளங்கவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள்.

"கிறகரி போனாப் பிறகும் ஒரு மோட்டர் எரிஞ்சது" என்றார். "போன வரியம். புதுப் பொடியன் நிண்ட நேரம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே ஐயா, அவரிலை பிழை இல்லையெண்டு?"

"ஒரு யோசினை வந்ததுதான்."

"ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை?"

யாகப்பர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட அறிக்கை இருந்ததே பிள்ளை."

கிறகரி இப்போது வெள்ளாங்குளத்தில், ஏரம்பு என்பவரின் வயலில் தண்ணிப் பம்பு பார்க்கிறார் என்று அவர்தான் சொன்னார். மனைவி றோசம்மா ஊரில்தான். இருவரும் சேர்ந்தில்லை.

றோசம்மாவின் வீடு கோயிலுக்குப் பின்பக்கம். அவள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தன்னை இன்னார் என்று மங்கையற்கரசி சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டாள். மங்கையற்கரசி, தான் எழுதிக்கொண்டு வந்திருந்த திருத்திய அறிக்கையை வாசித்துக் காட்டினாள். அது தமிழில்தான் இருந்தது, ஆனாலும் றோசம்மா திரும்ப வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை வாசித்து முடியும் வரை அவள் அசையவில்லை.

"அப்ப அந்த மனிசன் குடிக்கேல்லை" என்றாள்.

"அந்த நேரம் குடிச்சாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது அக்கா. மோட்டர் எரிஞ்சது அவராலை இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயம்."

"குடிக்கேல்லை. எனக்குத் தெரியும். ஆறு வரியம் பக்கத்திலை படுத்தனான், எனக்கு மணம் தெரியாதே?" குரல் எழும்பி உடனே தாழ்ந்தது. "சபையிலை வாசிச்ச அண்டைக்கு வீட்டை வந்து சொன்னார், 'றோசம்மா, நான் தொடேல்லை' எண்டு. மாதா படத்திலை கைவைச்சுச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான். வைச்சார். அதுக்குப் பிறகும் நான் நம்பேல்லை, மிஸ். மெசின் பொய் சொல்லுமே எண்டு கேட்டன். மனிசனைப் பாத்து, மெசின் பொய் சொல்லுமே எண்டு கேட்டனான்."

மங்கையற்கரசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். றோசம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பிறகு குடிச்சார்தான். அந்த மாசம் தொடங்கினவர். பாத்தீங்களே, அப்ப சரிதானே எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நானும் சொன்னன். கதவைச் சாத்தினன். போன வரியம் மூத்தவள் கிறேஸின்ர கலியாணம். அவள் தகப்பனோடைதான் கோயிலுக்குள்ளை நடப்பன் எண்டு அழுதவள். நான்தான், ஊருக்கு முன்னாலை வெக்கம், மாமன்காரன் கூட்டிக்கொண்டு போகட்டும் எண்டு நிண்டனான். அவர் வந்து கடைசிக் கதவடியிலை நிண்டிட்டுச் சாப்பிடாமல் போயிட்டார்." அவள் அறிக்கையை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதை இரண்டு வரியத்துக்கு முந்திக் கொண்டுவந்திருக்கலாம், பிள்ளை."

"ஓம் அக்கா. இருந்தது. என்ர கொம்பியூட்டரிலை இருந்தது. நான் பாக்கேல்லை."

வெள்ளாங்குளத்துக்கு அவள் ஞாயிற்றுக்கிழமை போனாள். நெல் வெட்டிய வயல்கள். சிறுபோகத்துக்குச் சில துண்டுகளில் மட்டும் தண்ணீர் நின்றது. பம்புக் கொட்டிலுக்கு வெளியே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கிறகரி நின்றார். முடி முழுக்க நரைத்துப்போயிருந்தது. அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"மிஸ். வாங்கோ. இஞ்சை இருக்க ஒண்டுமில்லை, உந்தச் சாக்கிலை இருங்கோ."

அவள் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். ட்ரிகர், நேர எல்லை, அன்றைய அவசரம், பார்க்காமல் விட்ட நிரல், வடலி, எல்லாவற்றையும். யாகப்பர் குடியைப் பற்றிச் சொன்னதைத் தான் மனதில் வைத்திருந்ததையும் மறைக்காமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் சாஹுல் ஹமீடின் இடத்தில் பிடித்த அலையின் படத்தை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்து, அலை விழுந்து எழும்பும் இடத்தை நகத்தால் தொட்டார்.

"இதுதான்" என்றார். "இதுதான் மிஸ். இவ்வளவுதான் நேரம்." அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். இல்லை. ஏதோ தொலைந்த பொருளைக் கண்டவர் போலப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினை தரம் கிடக்கு? எங்கட இடத்திலை?"

"பத்து நாளிலை பதினாலு."

"நான் பதினொண்டு எழுதினனான். மூண்டு எனக்கும் தப்பிப்போச்சு. கொப்பியிலை நாளும் நேரமும் போட்டு வைச்சனான்."

"கொப்பி இருக்கோ?"

"சபையிலை காட்டினன், ஒருத்தரும் வாங்கேல்லை. உங்களிட்டைக் கொண்டுவருவம் எண்டு மன்னாருக்கும் ஒருநாள் வந்தனான். வாசல் மட்டும் வந்தன். பிறகு, படிச்ச பிள்ளை மெசின் வைச்சுப் பாத்திட்டுச் சொல்லியிருக்கு, நான் என்னத்தைச் சொல்லுறது எண்டு திரும்பிட்டன். கொப்பி அடுப்புக்குப் போச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் ஆறுதல் வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்று நினைத்தாள்.

"என்னை மன்னியுங்கோ ஐயா."

கிறகரி வயலைப் பார்த்தார். "நீங்கள் வந்து சொன்னது பெரிசு. சொல்லாமலும் விட்டிருக்கலாம். ஆனா மன்னிக்கிறன் எண்டு இப்ப வாயாலை சொன்னா அது பொய்யாப் போயிடும், மிஸ். மனசிலை வந்தாச் சொல்லுறன்." பிறகு, தானாகவே, "குடிச்சனான்தான். அதையும் உங்கட அறிக்கையிலை மறைக்க வேண்டாம். அறிக்கை வரும்வரைக்கும் தொடேல்லை. பிறகு மூண்டு மாசம் குடிச்சன். இஞ்சை வந்தாப் பிறகு இல்லை. அவ்வளவுதான் உண்மை."

"திருத்தின அறிக்கையைச் சபையிலை வாசிக்கப் போயினம். யாகப்பர் ஐயா உங்களை வரச் சொன்னார். வேலையும் திருப்பித் தரலாமாம்."

"இப்ப அங்கை நிக்கிற பொடியன் கலியாணம் முடிச்சவன் எல்லோ? அவனை எழுப்பிப்போட்டு நான் இருக்கிறதோ?" தலையை ஆட்டினார். "வாசிக்கட்டும். நான் வரேல்லை."

கூட்டம் ஆடி மாதம் நடந்தது. இந்த முறை மங்கையற்கரசி தானே எழுந்து வாசித்தாள், யாரும் ஒரு சொல்லையும் விழுங்கிவிடாதபடி. பிழை தன்னுடையது என்ற வரியை வாசிக்கும்போது கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் யாகப்பர் எழுந்து, சங்கமும் பிழை விட்டது என்றார். இரண்டொருவர் தலையாட்டினார்கள். ஒருவர் அடுத்த விடயம் என்ன என்று கேட்டார். பின்வரிசையில் றோசம்மா முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். வாசித்த தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு யாரோடும் பேசாமல் போனாள்.

கம்பனியில் மங்கையற்கரசியின் மேலதிகாரி, இரண்டு வருடத்துக்கு முந்திய அறிக்கையை நீயாகப் போய்க் கிளறியிருக்கத் தேவையில்லை என்று ஏசினார். கருவியைக் கொஞ்சக் காலம் வேறொருவரிடம் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து மறுபடி அவளிடமே வந்தது, வேறு யாருக்கும் அது சரிவராததால். இப்போது எங்கே போனாலும் பெட்டியைத் தொடுவதற்கு முன், அங்கே வேலை செய்கிறவரை இருத்தி அவர் சொல்வதை எழுதிக்கொள்கிறாள். அதனால் வேலை மெதுவாகிவிட்டது என்று முறைப்பாடும் உண்டு.

அடுத்த மாசியில் ஒருநாள் காலை, மன்னார் பஸ் தரிப்பிடத்தில் றோசம்மாவைக் கண்டாள். காலடியில் ஒரு பை. கருவாட்டு மணம் அடித்தது.

"வெள்ளாங்குளமோ அக்கா?"

"ஓம். மாசத்திலை ஒருக்காப் போறனான். முதல் தரம் போகேக்கை தேத்தண்ணி தந்து அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பிப்போட்டார். இப்ப பின்னேரம் வரைக்கும் இருந்திட்டு வாறன்."

"கதைக்கிறாரோ?"

றோசம்மா யோசித்தாள். "கதைக்கிறார். மழையைப் பற்றி, பம்பைப் பற்றி, கிறேஸின்ர வயித்துப் பிள்ளையைப் பற்றி. முந்தியமாதிரி இல்லை. நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுவார். தானாய் ஒண்டும் கேக்கமாட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களைப் பற்றி ஒருக்கா விசாரிச்சவர். அந்தப் பிள்ளை இன்னும் வேலையிலை நிக்குதோ எண்டு. ஓம் எண்டன். நல்லம் எண்டார்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை பிள்ளை."

பஸ் வந்து நின்றது. சனம் முண்டியடித்தது. மங்கையற்கரசி பையைத் தூக்கி மேலே கொடுத்தாள். றோசம்மா யன்னல் பக்கம் இடம்பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் வீதியைப் பார்த்தபடி இருந்தாள். பஸ் திரும்பி, கடலைக் கடக்கும் தாம்போதிப் பக்கம் போகும்வரை மங்கையற்கரசி நின்றாள். பிறகு கந்தோருக்கு நடந்தாள்.